மலையில் கார் கழுவினால் நீர்க்கறை விழாமல் இருக்க

கழுவி முடித்தபோது பளிச்சென்று இருந்த கார், அரை மணி நேரம் கழித்து வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். அழுக்குதான் சரியாகப் போகவில்லை என்று மறுபடியும் ஷாம்பூ போட்டுத் தேய்த்தால், மறுபடியும் அதே வட்டங்கள். அழுக்கின் மேல் குற்றமில்லை. கடைசியாக ஊற்றிய தண்ணீர் காரின் மேலேயே காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், சிலிக்கா போன்றவை தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிப் போவதில்லை. ஒரு சொட்டு காயும்போது அதன் ஓரம் முதலில் காய்கிறது. நடுவில் இருக்கும் தண்ணீர் ஓரத்தை நோக்கி நகர்கிறது, கரைந்த உப்பையும் கூடவே கொண்டுபோகிறது. மேஜையில் சிந்திய காபி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்து வளையமாக நிற்குமே, அதே கதைதான். அதனால்தான் நீர்க்கறை எப்போதும் வட்டமாக, ஓரம் தடித்துத் தெரிகிறது. நீர்த்துளி லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்து பெயின்டை எரிக்கிறது என்று பலர் சொல்வார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மைப் பாடாய்ப் படுத்துவது உப்புதான்.

ஆக, கழுவுவது எந்தத் தண்ணீராக இருந்தாலும் சமாளிக்கலாம். கடைசி அலசலுக்கு ஊற்றும் ஐந்து லிட்டர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், அதுவும் தானாகக் காய்வதற்குள் துணியால் எடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் உதவியாகச் செய்வதுதான்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி?

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. ஊட்டிக்கு வரும் பார்சன்ஸ் வேலி தண்ணீர், குன்னூருக்கு வரும் ரேலியா அணைத் தண்ணீர் எல்லாம் மலைச்சரிவில் மழை பெய்து தேங்கியது. கீழே சமவெளியில் போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் எல்லா வீட்டுக்கும் இதே தண்ணீர் வருவதில்லை. கோடையில் டேங்கர் லாரி வரும், சில இடங்களில் கிணறு, சில இடங்களில் போர்வெல், தோட்டத்துப் பக்கம் ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுத்த தண்ணீர். ஒரே வீட்டிலேயே மாதத்துக்கு மாதம் மாறும்.

டிடிஎஸ் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. அதை அளக்கும் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேனா அளவுதான் இருக்கும். 50க்குக் கீழே காட்டினால் கவலையே வேண்டாம், குழாய்த் தண்ணீரிலேயே முடிக்கலாம். 50 முதல் 150 வரை என்றால் சுறுசுறுப்பாகத் துடைத்தால் போதும். 150க்கு மேலே போனால் கடைசி அலசலுக்கு வேறு தண்ணீர் தேட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. குடிக்க நல்ல தண்ணீர் எல்லாம் காருக்கு நல்ல தண்ணீர் அல்ல என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். 300 டிடிஎஸ் தண்ணீர் ஐந்து லிட்டரில் ஒன்றரை கிராம் உப்பு கரைந்திருக்கிறது.

மீட்டர் இல்லையா? பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை நன்றாகக் கழுவித் துடைத்து, அதில் ஐந்தாறு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் கறுப்புத் துணி மேல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். வளையம் தெளிவாகத் தெரிந்தால், காரிலும் அப்படித்தான் தெரியும்.

கடைசி அலசலுக்கு மலையில் இருப்பதிலேயே சிறந்தது மழைத் தண்ணீர். தகரக் கூரையிலிருந்து பிடிப்பதாக இருந்தால், முதல் பத்து நிமிட மழையை விட்டுவிடுங்கள். கூரைத் தூசியும் இலைச் சாறும் அதில்தான் வரும். பிடித்ததை மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் வைக்கவும். புதிய சிமென்ட் தொட்டியில் வைக்க வேண்டாம். மழைத் தண்ணீர் சிமென்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, கொஞ்ச நாளில் அதுவே உப்புத் தண்ணீர் ஆகிவிடும். மழை இல்லாத மாதங்களில் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் வரும் குடிதண்ணீர் போதும்.

ஆர்.ஓ. என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் வேஸ்ட் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து வைத்துக் கார் கழுவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் மெஷின் வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அந்தக் குழாயில்தான் வருகிறது. நீர்க்கறைக்கு அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் கிடையாது. தரை துடைக்கவும் டாய்லெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு என்றால் வீல் ஆர்ச்சின் உள்பக்கச் சேறு கழுவ மட்டும்.

வீட்டில் சாஃப்ட்னர் பொருத்தியிருந்தால், அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் குறையாது. கறை விழும், ஆனால் ஈரத்துணியில் துடைத்தாலே போகும் கறை.

நேரம்

மலையில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பானெட்டும் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. வெயில் சுள்ளென்று விழும். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் நேரத்தில்கூட கறுப்புக் காரின் பானெட்டில் கை வைக்க முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை காற்றும் வறண்டிருக்கும். சோப்பு நுரை ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் வருவதற்குள் காய்ந்திருக்கும்.

புறங்கையை பானெட்டில் ஐந்து விநாடி வையுங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் காத்திருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த வண்டியென்றால் முக்கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். பானெட்டைவிட முக்கியமான காரணம் பிரேக். 14 கொண்டை ஊசி வளைவில் பிரேக் போட்டுப் போட்டு ஏறி வந்த வண்டியின் டிஸ்க் சூடாக இருக்கும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிப்போக வாய்ப்பு உண்டு. பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும்.

மூட்டமான நாள்தான் கார் கழுவ நல்ல நாள். தண்ணீர் மெதுவாகக் காயும், துடைக்க நேரம் கிடைக்கும். வெயில் நாளென்றால் காலை நீர்ப்பனி விலகியதும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான பகுதிகளில் மாலையில் கழுவவே வேண்டாம். டோர் ரப்பரில் நின்ற தண்ணீர் இரவில் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். காலையில் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழிந்து வரும்.

கற்பூர மரத்தடி (யூகலிப்டஸ்) நிழல் நிழலே அல்ல. மஞ்சு இறங்கும்போது இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். சைப்ரஸ், பைன் என்றால் பிசினும் சேர்ந்து விழும். சில்வர் ஓக் பூக்கும் காலத்தில் தேன் சொட்டி காரெல்லாம் பிசுபிசுக்கும். கட்டடத்தின் நிழல்தான் நல்லது. சரிவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் கியரில் போட்டு, இறக்கப் பக்கத்து டயருக்குக் கல் வையுங்கள். சோப்புத் தண்ணீர் நேராக ஓடைக்குப் போகாமல் புல் பக்கமாக ஓடும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தவும். கீழே அந்த ஓடைத் தண்ணீரை எடுத்துக் கேரட் பாசனம் செய்கிறார்கள்.

வேண்டிய சாமான்கள்

15 லிட்டர் பக்கெட் இரண்டு, ஒன்று ஷாம்பூவுக்கு, ஒன்று அலச. வீலுக்குத் தனியாக ஒரு பழைய பக்கெட்டும் பிரஷும். மைக்ரோஃபைபர் வாஷ் மிட், அதாவது கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளும் துணி. கார் ஷாம்பூ. துடைக்க 60க்கு 90 சென்டிமீட்டர் அளவில் தடிமனான மைக்ரோஃபைபர் டவல் இரண்டு, சின்னத் துணி இரண்டு. தோட்டத்துக்கு வைத்திருக்கும் பூவாளி ஒன்று. அதன் வேலை கடைசியில் வருகிறது.

பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், முன்பு போட்ட மெழுகை அது உரித்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிடக் கெடுதல், பவுடரில் இருக்கும் உப்பே கறையாக நிற்கும். பழைய வேட்டி, பனியன் துணி கைக்கு மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் மண்துகளை உள்ளே இழுத்துக்கொள்ளாது, பெயின்ட் மேல் வைத்து இழுக்கும். தையல் ஓரம் கோடு போடும்.

கழுவுதல்

வீலில் தொடங்குங்கள். மலை வண்டியில் பிரேக் தூசி அதிகம்; அதைக் கடைசியில் கழுவினால் கறுப்புத் தண்ணீர் கழுவிய கதவில் தெறிக்கும், கதவும் அதற்குள் காய்ந்திருக்கும்.

பிறகு கார் முழுக்க மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்து செம்மண்ணை ஊற வைத்து இறக்கவும். தோட்டத்து மண்பாதையில் போய் வந்த வண்டியில் கதவின் கீழ்ப்பாதி, பின் பம்பர் இரண்டிலும் மண் அப்பியிருக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு இன்னொரு முறை அடித்தால் தானாக விழும். இந்த இடத்தில் அவசரப்பட்டுத் துணி வைத்தால் கீறல் நிச்சயம். பிரஷர் வாஷர் இருந்தால் முனை ஒரு முழத் தூரம் தள்ளியே இருக்கட்டும். பெயின்ட் பெயர்ந்த இடம், ஸ்டிக்கர் ஓரம், டோர் ரப்பர் பக்கம் நேராக அடிக்கக் கூடாது.

ஷாம்பூ அளவு பாட்டிலில் போட்டிருக்கும். அந்த அளவு எல்லாத் தண்ணீருக்கும் பொதுவாகச் சொன்னது. மலைத் தண்ணீரில் நுரை சீக்கிரம் வரும், போவதற்கு நேரமாகும். அதனால் முக்கால் அளவு போட்டுப் பாருங்கள். அதிகம் போட்டால் அலசுவதற்குத்தான் தண்ணீர் செலவு. போகாத நுரை காய்ந்தால் அதுவும் ஒரு கறை.

கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதி. ஒரு பகுதி தேய்த்ததும் மிட்டை அலசும் பக்கெட்டில் முக்கிப் பிழிந்து, பிறகுதான் ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். வட்ட வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் போங்கள். ஒரு பகுதி முடிந்ததும் அதை அலசிவிட்டு அடுத்ததுக்குப் போகவும். முடித்த இடங்கள் காயாமல் இருக்க, வேலை முடியும் வரை அவ்வப்போது தண்ணீர் காட்டிக்கொண்டே இருங்கள். இது வீண் வேலை போலத் தெரியும். ஆனால் பெரும்பாலான கறைகள் விழுவது இங்கேதான்: இடது கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கூரையில் முன்பே காய்ந்துவிட்ட தண்ணீர்.

கடைசி ஐந்து லிட்டர்

எடுத்து வைத்த மழைத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பூவாளியில் ஊற்றுங்கள். முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிடவும். கூரையின் நடுவில் தொடங்கி, ஒரு கையகலம் உயரத்திலிருந்து, தெறிக்காமல் மெதுவாக ஊற்றிக்கொண்டே நகருங்கள். சல்லடை வழியாகவோ ஸ்ப்ரேயிலோ விழுந்தால் ஆயிரம் சொட்டாக நிற்கும். முழுதாக ஒழுகவிட்டால் தண்ணீர் விரிப்பாக வழிந்து, போகிற போக்கில் பழைய சொட்டுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பானெட்டில் ஊற்றும்போது உற்றுப் பார்த்தால் தெரியும்: வழியும் தண்ணீரின் பின்ஓரம் ஒரே கோடாகக் கீழே இறங்கும், அதற்குப் பின்னால் இருக்கும் பெயின்ட் ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும். இது நன்றாக வந்தால் துடைக்கும் வேலை பாதியாகிவிடும்.

சின்னக் காருக்கு ஐந்து லிட்டர் போதும்; பெரிய வண்டிக்கு எட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரே நல்லது என்றால் ஹோஸ் முனையைக் கழற்றிவிட்டு இதே மாதிரி ஒழுகவிடலாம். சரிவில் நிற்கும் வண்டியில் மேட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கவும், இல்லையென்றால் முடித்த இடத்துக்கே தண்ணீர் திரும்பி வரும்.

துடைத்தல்

பெரிய டவலை விரித்து பானெட் மேல் படுக்க வைத்து, இரண்டு முனையையும் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். அழுத்த வேண்டாம். டவல் கனத்ததும் பிழிந்துவிட்டு, இரண்டாவது டவலால் மீதி ஈரத்தை ஒற்றி எடுக்கவும். முதல் டவல் ஊறிப்போன பிறகும் அதையே இழுத்துக்கொண்டிருந்தால், தண்ணீரை மெல்லிய படலமாகப் பரப்புவோமே தவிர எடுக்க மாட்டோம். கறுப்புக் காரில் தெரியும் கோடு கோடான கறை இப்படித்தான் வருகிறது.

கண்ணாடிகளையும் கூரையையும் முதலில் எடுங்கள், அவைதான் வேகமாகக் காயும். டவலைத் துவைக்கும்போது துணி வாசனைக்குப் போடும் கண்டிஷனர் சேர்க்கக் கூடாது. இழையில் படலம் பிடித்து, டவல் தண்ணீரை உறிஞ்சாது.

எல்லாம் துடைத்து முடித்த பத்து நிமிடத்தில் சைடு மிர்ரரிலிருந்து கதவின் மேல் ஒரு கோடு இறங்கும். மிர்ரர் கூட்டுக்குள், கதவுக் கைப்பிடிக் குழியில், பெட்ரோல் மூடிக்குள், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், டெயில் லைட் இடுக்கில் எல்லாம் தண்ணீர் ஒளிந்திருக்கும். புளோயர் இருந்தால் ஊதிவிடலாம். இல்லையென்றால் நாலு கதவையும் டிக்கியையும் பானெட்டையும் திறந்து ஓரங்களையும் ரப்பர்களையும் சின்னத் துணியால் துடைத்து மூடி, வண்டியை இருபது அடி நகர்த்தி இரண்டு தடவை பிரேக் போடுங்கள். ஒளிந்திருந்ததில் பாதி வெளியே வரும். அதை ஒற்றி எடுத்தால் முடிந்தது.

அந்த இருபது அடி ஓட்டம் பிரேக்குக்கும் வேண்டும். கழுவிய கையோடு ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவில் இறங்கப் போகிறவர்கள், சமதளத்திலேயே மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாகப் பலமுறை மிதித்துக் காய வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஈரமான டிஸ்க் முதல் மிதிக்குச் சரியாகப் பிடிக்காது. ஓட்டாமல் இரவு முழுக்க நிறுத்தப் போகிறீர்கள் என்றால், ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் இழுத்து வைத்தால் டிரம்மில் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, டயருக்குக் கல்.

கார் கவரை ஈரத்தின் மேல் போடாதீர்கள். மலைக் குளிரில் உள்ளே ஈரம் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும்.

ஏற்கெனவே விழுந்த கறைக்கு

கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரை, அதே அளவு டிஸ்டில்ட் வாட்டரோடு கலக்கவும். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கும் தண்ணீர்தான் அது. ஆசிட் கலந்தது இல்லைதானா என்று லேபிளைப் பார்த்து வாங்கவும். துணியை அதில் நனைத்து, குளிர்ந்த பெயின்ட் மேல் ஒன்று இரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். தேய்க்காமல் எடுத்து, தண்ணீர் விட்டு அலசி, அந்த இடத்துக்கு மட்டும் ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைக்கவும். வெயிலில் செய்யக் கூடாது. குரோம் மேலும் பெயின்ட் போன இடத்திலும் ஊறவிடக் கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவது போலக் காருக்கும் போடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. புளியில் இருக்கும் நாரும் துகளும் பெயின்டைக் கீறும்.

வினிகருக்குக் கால்சியக் கறை கரையும், சிலிக்கா கரையாது. இரண்டு முறை செய்தும் வளையம் நின்றால் நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் இன்னும் மேலேதான் இருக்கிறது. களிமண் மாதிரி இருக்கும் கிளே பாரை, ஷாம்பூத் தண்ணீர் தெளித்துக்கொண்டே உருட்டினால் வந்துவிடும். மேடாக இல்லாமல் பள்ளமாக மட்டும் தெரிந்தால், பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற படலமான கிளியர் கோட்டையே அரித்துவிட்டது. அதற்குப் பாலிஷ் போட்டு மேல்படலத்தைக் கொஞ்சம் தேய்த்தெடுப்பதுதான் வழி. கிளியர் கோட்டின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், ஆகையால் அடிக்கடி செய்யக்கூடிய வேலை அல்ல. மெஷின் பாலிஷ் பழகியவர் கையில் கொடுப்பது நல்லது.

முடித்ததும் மெழுகோ சீலன்ட்டோ ஒரு கோட் போட்டு வையுங்கள். மெழுகு போட்ட காரில் நீர்க்கறையே விழாது என்று எதிர்பார்க்காதீர்கள். மெழுகு தண்ணீரை உருண்டைத் துளிகளாகத் திரட்டுகிறது. துடைக்காமல் விட்டால் உப்பு முழுவதும் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே குவிந்து, கறை முன்பைவிட அழுத்தமாகத் தெரியும். மெழுகால் லாபம் வேறு: துடைப்பது சுலபம், விழுந்த கறை பெயின்டில் பிடிக்காமல் மேலே நிற்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடலாம். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் மழைக்கு முன்பும் போட்டுவிட்டால், மழை மாதங்களில் வாரா வாரம் கழுவ வேண்டிய அவசியமே இருக்காது.